சுண்ணாம்பு பூமியில் மீன் தொட்டி

மீன் தொட்டித் தண்ணீர் கலங்கினால் பெரும்பாலான வீடுகளில் முதலில் நடப்பது தொட்டியைக் காலி செய்வதுதான். மீன்களை வாளிக்கு மாற்றி, கற்களைக் குழாயடியில் அலசி, ஃபில்டர் பஞ்சைப் பிழிந்து, புதுத் தண்ணீர் நிரப்பி விளக்கைப் போட்டால் அன்று மாலை தொட்டி பளிச்சென்று இருக்கும். மூன்று நான்கு நாளில் மறுபடி வெள்ளைக் கலங்கல் படரும். மறுபடி கழுவுவார்கள். இதற்கிடையில் ஒன்றிரண்டு மீன்கள் செத்துப் போயிருக்கும். அந்தக் கழுவலே அடுத்த கலங்கலுக்கும் மீன்களின் சாவுக்கும் காரணமாக இருப்பது பலருக்கும் தெரிவதில்லை. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. அது நிலத்தடி நீரின் இயல்பு.

இந்த இரண்டு மாவட்டங்களின் பாறை ஒரே தன்மையுடையதல்ல. பச்சைமலையை ஒட்டிய மேற்குப் பெரம்பலூர் சார்னோகைட்டும் நைஸும் சேர்ந்த மிகப் பழைய கடினப் பாறை. கிழக்கே ஆலத்தூர், குன்னம் வட்டங்களிலிருந்து அரியலூர் நகரைச் சுற்றியுள்ள பகுதிவரை இருப்பது கிரெட்டேசியஸ் காலத்துக் கடல் படிவு. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு 1862-இல் வெளியிட்ட அறிக்கையில் இந்தப் படிவுகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். உலக நிலவியல் நூல்களில் அரியலூர் என்ற பெயர் நிலைத்தது அப்படித்தான். சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் 18 மீட்டர் நீள மரமும், சுரங்கங்களில் கிடைக்கும் நத்தைச் சுருள் வடிவ அம்மோனைட் புதைபடிவங்களும், சிமென்ட் ஆலைகளை இங்கே ஈர்த்த சுண்ணாம்புக்கல்லும் அந்தப் பழைய கடல் விட்டுச்சென்றவை. வீட்டு ஆழ்துளைக் குழாயில் (போர்) வரும் தண்ணீரின் கடினத்தன்மைக்கும் அதுவே மூலம்.

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு சற்றே அமிலமாகிறது. அந்த நீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்து, கால்சியம் பைகார்பனேட்டைச் சுமந்துகொண்டு கிணற்றுக்கும் போருக்கும் வருகிறது. பெரம்பலூர் மாவட்டத்தின் காரை கிராமத்தைச் சுற்றியுள்ள களிமண்ணில் ஜிப்சமும் கலந்திருக்கிறது. அத்தகைய மண்ணைக் கடந்து வரும் நீரில் கால்சியம் சல்ஃபேட்டும் சேரும். பைகார்பனேட்டால் வரும் கடினத்தன்மை கொதிக்கவைத்தால் நீங்கிவிடும். சல்ஃபேட்டால் வருவது நீங்காது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. சோப்பு நுரைக்காத, பருப்பு வேக மறுக்கும், பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படியும் தண்ணீரை மக்கள் உப்புத் தண்ணீர் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மீன் தொட்டிக்கு அதை அப்படி ஒதுக்க வேண்டியதில்லை. அதன் குணம் தெரிந்தால் போதும்.

அதன் குணங்களில் முதலில் கண்ணில் படுவது, போரிலிருந்து நேரே பிடித்த தண்ணீர் சில மணி நேரத்தில் மங்குவது. பூமிக்கு அடியில் அழுத்தத்தில் இருக்கும்போது அந்த நீரில் கரியமில வாயு நிறையக் கரைந்திருக்கிறது. மேலே வந்து காற்றுப் பட்டதும், அதிலும் ஏர் பம்ப் குமிழி விட ஆரம்பித்ததும், அந்த வாயு வெளியேறுகிறது. நீரின் காரத்தன்மை ஏறுகிறது. இதுவரை கரைந்திருந்த சுண்ணாம்பில் ஒரு பகுதி நுண்ணிய வெள்ளைத் துகளாகப் பிரிகிறது. இரும்புச் சத்து இருந்தால் அது செம்மஞ்சளாகத் திரளும். இந்தக் கலங்கலுக்கு மருந்து எதுவும் வேண்டாம். தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து, ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் வைத்தால் பிரிய வேண்டியது பிரிந்து அடியில் தங்கிவிடும். மேல் நீரை மட்டும் எடுத்துத் தொட்டியில் ஊற்றலாம். இரு மாவட்டங்களிலும் பல ஊர்களுக்கு வரும் கொள்ளிடக் கூட்டுக் குடிநீருக்கும் இந்த ஒரு நாள் காத்திருப்பு தேவை. காரணம்தான் வேறு. அதில் சுண்ணாம்பு குறைவாக இருக்கலாம், ஆனால் ப்ளீச்சிங் பவுடரின் குளோரின் இருக்கும். மனிதருக்கான குடிநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. அந்த அளவே மீனின் செவுள்களைப் புண்ணாக்கும். காத்திருக்க நேரம் இல்லாதபோது கடைகளில் ஆன்டி குளோரின் என்று விற்கும் சோடியம் தயோசல்ஃபேட் கரைசல் சில நிமிடங்களில் அதை முறித்துவிடும்.

கற்களைச் சரியாகக் கழுவாமல் போட்டதால் வரும் சாம்பல் நிறக் கலங்கலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வாளியில் போட்டுக் கிளறி, வடியும் நீர் தெளியும்வரை அலசிய பிறகே கற்களைத் தொட்டியில் பரப்ப வேண்டும். ஃபில்டரில் பாலியஸ்டர் பஞ்சு வைத்தால் மீதித் தூசு ஓரிரு நாளில் பிடிபடும்.

உண்மையான சிக்கல் புதுத் தொட்டியில் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வரும் வெள்ளைக் கலங்கல். இது தூசு அல்ல, உயிர். தின்னாமல் விட்ட தீனி, மீனின் கழிவு ஆகியவற்றிலிருந்து கரையும் கரிமப் பொருளை உண்டு கோடிக்கணக்கில் பெருகி நீரில் மிதக்கும் பாக்டீரியாக்களே அந்த வெண்மை. பஞ்சின் இடுக்குகளில் தங்காத அளவுக்கு அவை நுண்ணியவை. ஆகவே பஞ்சு ஃபில்டர் அவற்றை உடனே அகற்றாது. தீனியைக் குறைத்து, காற்றைக் கூட்டி, தொட்டியைத் தொடாமல் விட்டால் சில நாளிலோ இரண்டொரு வாரத்திலோ உணவு தீர்ந்து அவை தாமாக அடங்கும். பதற்றத்தில் மொத்த நீரையும் மாற்றினால் கதை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

இதே வாரங்களில் கண்ணுக்குத் தெரியாத வேறொரு வேலையும் தொட்டிக்குள் நடக்கிறது. மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. அழுகும் தீனியும் அம்மோனியாவைத் தருகிறது. கல்லின் மேலும் ஸ்பாஞ்சின் உள்ளும் ஒட்டி வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. இன்னொரு வகை, நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவதை வாரம் ஒருமுறை கொஞ்சம் நீர் மாற்றிச் சமாளித்துவிடலாம். இந்த நுண்ணுயிர்கள் போதுமான அளவு பெருக வழக்கமாக 4 முதல் 6 வாரம் ஆகும். முதல் நாளே பத்துப் பதினைந்து மீன்களை வாங்கிப் போட்ட தொட்டிகளில் மீன்கள் கொத்தாகச் சாவது இந்த இடைவெளியில்தான். அப்போது தண்ணீர் பளிங்காகவே இருக்கக்கூடும். அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது.

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் முறையும், அம்மோனியாவை நுண்ணுயிர்கள் மாற்றும் விதம் பற்றிய அறிவும் மனிதருக்குக் கிடைத்ததில் ஒரு குடும்பத் தொடர்ச்சி இருக்கிறது. லண்டனைச் சேர்ந்த வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850-இல், ஒரு கண்ணாடித் தொட்டியில் இரண்டு தங்க மீன்கள், வாலிஸ்னேரியா செடி, குளத்து நத்தைகள் ஆகியவற்றைச் சேர்த்து வைத்து, நீரை மாற்றாமலே அவற்றை வாழவைக்க முடியும் என்று எழுதினார். அழுகிய இலைகளால் நீர் கெட்டபோது அவற்றைத் தின்னவே நத்தைகளை விட்டார். இன்றைய வீட்டு மீன் தொட்டியின் தொடக்கங்களில் அதுவும் ஒன்று. அவருடைய மகன், அதே பெயர் கொண்ட ராபர்ட் வாரிங்டன், ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் அம்மோனியா மண்ணில் நைட்ரேட்டாக மாறும் விதத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, அது இருவேறு நுண்ணுயிர்கள் செய்யும் இரண்டு கட்ட வேலை என்று காட்டினார். அவற்றைத் தனியே பிரித்தெடுப்பது அவருக்குக் கைகூடவில்லை. ரஷ்ய அறிஞர் செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890 வாக்கில் அதைச் சாதித்தார். தந்தையின் தொட்டியில் மீன்கள் பிழைத்ததற்கான காரணத்தின் ஒரு பகுதியை மகனின் ஆய்வு விளக்கியது.

சுண்ணாம்பு மண்ணின் நீர் இந்த இடத்தில் இருவிதமாக வேலை செய்கிறது. அம்மோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று அதிகத் தீங்கு செய்யாத அயனி. மற்றொன்று செவுள் வழியாக உடலுக்குள் நுழைந்து கொல்லும் வாயு வடிவம். எது எவ்வளவு என்பதைக் காரத்தன்மையும் வெப்பமும் முடிவு செய்கின்றன. 28 டிகிரி வெப்பத்தில் நீரின் பி.எச். அளவு 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. அதே வெப்பத்தில் பி.எச். 8.2 ஆனால் அது நூற்றுக்குப் பத்தை நெருங்குகிறது. கடின நீர் பெரும்பாலும் 7.5-க்கு மேலேதான் நிற்கும். ஆகவே, மென்னீர் கிடைக்கும் ஊரில் தப்பிப் பிழைக்கிற மீன், அதே அளவு அம்மோனியா உள்ள அரியலூர்த் தொட்டியில் சாகலாம். புதுத் தொட்டிக்கு இங்கே கூடுதல் பொறுமை வேண்டும் என்பது இதனால்தான்.

இன்னொரு பக்கம், அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்களுக்கு இந்த நீர் நல்ல இடம். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க அவை கால்சியம் கார்பனேட் கணக்கில் ஏறத்தாழ 7 கிராம் காரத்தைச் செலவழிக்கின்றன. காரம் குறைந்த நீரில் அது விரைவில் தீர்ந்து, பி.எச். சரிந்து, நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும். சுண்ணாம்பு நீரில் அந்தக் கையிருப்பு தீர நெடுநாள் ஆகும். பொறுமையாகத் தொடங்கிய தொட்டி இந்த மாவட்டங்களில் ஆண்டுக்கணக்கில் நிலையாக நிற்க முடிவதற்குக் காரணம் இது. கேன் தண்ணீரை மட்டும் ஊற்றி வளர்ப்பவர்கள் இந்தப் பாதுகாப்பை இழக்கிறார்கள். கேன் தண்ணீரைத் தயாரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் உப்புகளோடு காரத்தையும் நீக்கிவிடுகிறது. கடினத்தன்மை மிக அதிகமாக இருந்தால் போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கேன் தண்ணீரோ, வடகிழக்குப் பருவத்தில் சேமித்த மழைநீரோ கலப்பது நல்லது. முழுவதும் மாற்றுவது நல்லதல்ல. ஆர்.ஓ. பழுதுபார்ப்பவர்களிடம் இருக்கும் டி.டி.எஸ். மீட்டரை வைத்துத் தொட்டி நலமா என்று தீர்மானிப்பதும் தவறு. அது கரைந்த உப்புகளின் மொத்தத்தை மட்டும் காட்டும். அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அறிய நிறம் மாறும் சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டிதான் வேண்டும்.

அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் முக்கியமாகக் குடியிருக்கும் இடம் ஃபில்டர். கண்ணுக்கு அழுக்காகத் தெரியும் பழுப்பு வழவழப்பு அவை கட்டிய வாழிடம். குளோரின் கலந்த குழாய் நீரில் ஸ்பாஞ்சைப் பிழிந்து வெள்ளையாக்கினால் தொட்டியின் சுத்திகரிப்பு ஆலையை ஒரே நிமிடத்தில் இடித்துத் தள்ளியது போலாகும். ஸ்பாஞ்சைக் கழுவ வேண்டிய நாளில், தொட்டியிலிருந்து வெளியேற்றிய நீரை ஒரு வாளியில் வைத்து, அதில் இரண்டு மூன்று முறை மெதுவாக அமுக்கி எடுத்தால் போதும். செராமிக் வளையங்களையும் அப்படித்தான் அலச வேண்டும். கற்களைக் கிளறுவதையும் ஸ்பாஞ்சு கழுவுவதையும் ஒரே நாளில் செய்யாமல் இடைவெளி விடுவது நல்லது. தெரிந்தவர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால், அதன் ஸ்பாஞ்சில் ஒரு துண்டையோ ஒரு கைப்பிடிக் கற்களையோ வாங்கி வந்து புதுத் தொட்டியில் போடலாம். காத்திருக்கும் காலம் வெகுவாகக் குறையும்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டிதான் கடைகளில் அதிகம் விற்கிறது. கல்லும் மேல் இடைவெளியும் போக அதில் 50 லிட்டர் அளவுக்கு நீர் நிற்கும். அதில் வாரம் 10 முதல் 12 லிட்டரை அடியிலிருந்து ட்யூப் வைத்து உறிஞ்சி எடுத்து, ஒரு நாள் டிரம்மில் வைத்த நீரை ஊற்றுவதே முறையான பராமரிப்பு. தீனி இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மேல் போகக் கூடாது. வீட்டில் ஆளுக்கொரு முறை பாசத்தோடு போடும் தீனிதான் தொட்டிகளை அதிகம் கெடுக்கிறது. கோல்டு ஃபிஷ் அதிகம் தின்று அதிகம் கழியும் மீன். உருண்டைக் கிண்ணத்தில் அதை வைத்து விற்பதை நிறுத்தினாலே பல வீடுகளின் கலங்கலும் பல மீன்களின் துன்பமும் குறையும்.

பச்சைக் கலங்கல் வேறு வகை. நீரில் மிதக்கும் ஒற்றைச் செல் பாசிகள் வெயிலும் நைட்ரேட்டும் ஃபாஸ்ஃபேட்டும் கிடைத்தால் சில நாளில் தொட்டியைப் பச்சையாக்கிவிடும். கிழக்குத் தாழ்வாரத்திலோ சன்னலை ஒட்டியோ வைத்த தொட்டிகளில் இது வாடிக்கை. நீரை மாற்றினால் குறைந்தாற்போலத் தெரிந்து மறுபடி வரும். தொட்டியை மூன்று நான்கு நாள் கெட்டித் துணியால் முழுவதும் மூடி, ஏர் பம்பை மட்டும் ஓடவிட்டு, பிறகு பாதி நீரை மாற்றினால் பெரும்பாலும் அடங்கும். அதன் பின் விளக்கு நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் எரிந்தால் போதும். அப்போதும் பிடிவாதமாக வந்தால் புற ஊதா விளக்கு பொருத்திய ஃபில்டர் தீர்க்கும். செடிகள் வளர்ப்பது இதைவிட நிலையான வழி. ஹைட்ரில்லாவும் வாலிஸ்னேரியாவும் கடின நீருக்குப் பழகியவை. நீரில் கரைந்த பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு. வெயிலில் நன்றாக வளரும் ஹைட்ரில்லாவின் இலைமேல் சுண்ணாம்புப் பொருக்கு படிவதும் அதனால்தான். ஏரியிலிருந்து செடி எடுத்து வந்தால் தும்பியின் இளம் புழுக்களும் சேர்ந்து வரலாம், அவை மீன் குஞ்சுகளைத் தின்னும். நன்கு அலசி, சில நாள் தனி வாளியில் வைத்துப் பார்த்துவிட்டே தொட்டியில் நட வேண்டும்.

கட்டைகளை அலங்காரத்துக்குப் போட்டால் நீர் தேநீர் நிறமாகும். அது மரத்தின் டானின், தீங்கில்லை. பிடிக்காதவர்கள் ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் வைக்கலாம். சேற்று நீரைத் தெளியவைக்க வீடுகளில் தேற்றான்கொட்டையை உரைப்பதும் படிகாரம் சுற்றுவதும் பழைய வழக்கம். இரண்டும் மிதக்கும் களிமண்ணைத் திரட்டி அடியில் இறக்கும். படிகாரத்தை மீன் இருக்கும் தொட்டியில் போடக் கூடாது. அது நீரின் காரத்தைத் தின்று பி.எச்.-ஐ இறக்கும், அலுமினியமும் செவுளுக்கு ஆகாது. அவசியமென்றால் தனி டிரம்மில் தெளியவைத்து மேல் நீரை எடுப்பதே சரி. பாக்டீரியாவாலோ பாசியாலோ வந்த கலங்கலுக்கு இவை மருந்தல்ல.

அரியலூர்ப் பக்கம் சுரங்க ஓரத்தில் கிடைக்கும் சிப்பி பதிந்த கற்களைத் தொட்டிக்குள் வைக்கும் ஆசை பலருக்கும் வருகிறது. எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும் கல் சுண்ணாம்புக் கல். போர் தண்ணீர் ஏற்கெனவே சுண்ணாம்பால் நிறைந்திருப்பதால் அதில் இந்தக் கல் பெரிதாகக் கரையாது. மழைநீரிலும் ஆர்.ஓ. நீரிலும் மெல்லக் கரைந்து கடினத்தன்மையைக் கூட்டும். பெரம்பலூரின் கருங்கல் எந்த நீரிலும் சும்மா கிடக்கும்.

கோடையில் வேறு கணக்கு வருகிறது. கண்ணாடியின் மேல் விளிம்பில் படியும் வெள்ளைக் கோடு, நீர் மட்டும் ஆவியாகிச் சுண்ணாம்பு தங்கிவிடுவதன் அடையாளம். 50 லிட்டர் தொட்டியில் நாளுக்கு ஒரு லிட்டர் ஆவியாகி, அந்த இழப்பைப் போர் தண்ணீராலேயே ஈடுகட்டினால் 50 நாளில் உப்புகளின் அளவு இரு மடங்காகும். ஆவியான அளவை ஈடுசெய்யக் கேன் நீரையோ மழைநீரையோ ஊற்றுவதும், வாராந்திர மாற்றத்தைத் தவறவிடாததும் இதைத் தடுக்கும். கோடு படிந்த இடத்தை, நீர் மட்டத்தை இறக்கிவிட்டு வினிகர் தோய்த்த துணியால் துடைத்தால் போய்விடும். வெப்பம் ஏற ஏற நீரில் கரையும் ஆக்சிஜனும் குறைகிறது. 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரைவது 35 டிகிரியில் 7 அளவுக்கு இறங்கும். மின்சாரம் நின்று ஃபில்டரும் நின்றால் மீன்களோடு நுண்ணுயிர்களும் மூச்சுத் திணறும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வைத்திருப்பது நல்ல செலவு. மூடிய ஃபில்டர் பல மணி நேரம் நின்றுபோயிருந்தால், உள்ளே தேங்கிய நீரைக் கொட்டிவிட்டே மறுபடி ஓடவிட வேண்டும்.

தண்ணீரை மீனுக்கேற்ப மாற்றுவதைவிடத் தண்ணீருக்கேற்ற மீனைத் தேர்வது எளிது. கப்பி, மோலி, பிளாட்டி ஆகிய குட்டி போடும் மீன்கள் சுண்ணாம்பு நீரில் செழிக்கும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த சிக்லிட் மீன்களுக்கும் அது ஒத்துவரும். நியான் டெட்ராவும் டிஸ்கஸும் அமேசான் பகுதியின் மென்னீரில் பிறந்தவை, இங்கே அவை தவிக்கும். சென்னை கொளத்தூரிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வாங்கி வரும் மீன் வேறு தண்ணீருக்குப் பழகியிருக்கும். பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, கால் மணிக்கு ஒருமுறை ஒரு குவளை தொட்டி நீரைப் பைக்குள் சேர்த்து, ஒரு மணி நேரமாவது கழித்து மீனை மட்டும் எடுத்து விட வேண்டும்.

டேங்க் கிளீனர் என்ற பெயரில் விற்கும் சக்கர் மீன் தண்ணீரைத் தெளியவைக்காது. கண்ணாடியில் படிந்த பாசியை மேயும், அதைவிட அதிகமாகக் கழியும், ஓரடிக்கு மேல் வளரும். இடம் போதாமல் அதைக் குளத்திலோ ஏரியிலோ விடுவது தமிழகத்தின் பல நீர்நிலைகளில் ஏற்கெனவே பெரும் தொல்லையாகிவிட்டது. நாட்டு மீன்களின் உணவையும் இடத்தையும் அது பிடித்துக்கொள்கிறது, வலைகளையும் கிழிக்கிறது. அரியலூர் மாவட்டத்தில், புள்ளம்பாடி வாய்க்கால் வழியே காவிரி நீர் பெறும் கரைவெட்டி ஏரி 2024 ஜனவரியில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அதாவது ராம்சர் தலமாக, அறிவிக்கப்பட்டது. வலசை வரும் பறவைகளில் பல அங்குள்ள மீன்களை நம்பியிருக்கின்றன. அத்தகைய நீர்நிலைக்குச் சக்கர் மீன் போய்ச் சேரக் கூடாது. தொட்டியிலிருந்து எடுக்கும் பழைய நீரைச் செடிகளுக்கு ஊற்றலாம், அதிலுள்ள நைட்ரேட் உரமாகும். வேண்டாத மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம், அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் ஒப்படைக்கலாம்.